கல்லின் உள்ளடுக்கு

சென்னையை அடுத்த பல்லாவரத்துக் கருங்கல் பார்வைக்கு ஒரே பொருள். புதிதாக உடைந்த அதன் முகத்தை வெயிலில் திருப்பிப் பார்த்தால் அப்படி இல்லை என்பது விளங்கும். கண்ணாடிச் சில்லு போல ஒரு மணி, எண்ணெய் தடவியது போல மங்கிய மினுமினுப்புடன் இன்னொரு மணி, கரும்பழுப்பாக மற்றொன்று என்று பல மணிகள் இடைவெளியின்றி நெருக்கி உட்கார்ந்திருக்கும். முதலாவது குவார்ட்ஸ், அடுத்தது ஃபெல்ஸ்பார், மூன்றாவது ஹைப்பர்ஸ்தீன். இந்த மணிகள் ஒவ்வொன்றும் ஒரு கனிமம். இவை கூடி உண்டான கல், பாறை. பொங்கலில் மிளகையும் முந்திரியையும் தனியாகப் பொறுக்கி எடுக்க முடிவது போல, பாறையிலிருந்து கனிமத்தைப் பிரித்தெடுக்கலாம். கனிமத்தை உடைத்தால் அதே கனிமத்தின் சிறு துண்டுதான் கிடைக்கும்.

இந்தப் பல்லாவரத்துப் பாறைக்குப் புவியியலில் சார்னாக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி ஜோப் சார்னாக்கின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் பதித்த பலகைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலண்ட், அது சென்னைப் பக்கத்துக் கல் என்று கண்டு, 1893-இல் அந்தப் பெயரைச் சூட்டினார். வங்காளத்தில் இறந்தவரின் பெயர் தமிழ்நாட்டுக் கல்லுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கனிமம் என்ற சொல்லில் உள்ள ‘கனி’ பழம் அல்ல. சுரங்கத்தைக் குறிக்கும் சொல். அகழ்ந்து எடுப்பதெல்லாம் கனிமம் என்ற பழைய எண்ணம் இந்தப் பெயரிலேயே தங்கியிருக்கிறது. சட்டமும் ஏறக்குறைய அப்படியே பார்க்கிறது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுச் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் கட்டடக் கல், சரளை, சாதாரண மணல், சாதாரணக் களிமண் ஆகியவற்றைச் சிறு கனிமங்கள் என்கிறது. நெய்வேலி நிலக்கரியும் சட்டத்தின் கண்ணில் கனிமமே. மருத்துவர் சத்து மாத்திரை எழுதும்போது சொல்லும் கனிமச் சத்து வேறு. இரும்பு, துத்தநாகம் போன்ற தனிமங்களை அங்கே அப்படி அழைக்கிறார்கள். கனிமவியலாளர் சொல்லும் கனிமம் இந்த இரண்டையும் விடக் கறாரானது.

அது இயற்கையில் தானாக உண்டாகியிருக்க வேண்டும். திடப்பொருளாக இருக்க வேண்டும். இன்னின்ன தனிமங்கள் இன்ன விகிதத்தில் என்று வரையறுத்துச் சொல்லக்கூடிய வேதி அமைப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் அணுக்கள் ஓர் ஒழுங்கில், ஒரே கோலத்தை மீண்டும் மீண்டும் போட்டது போல முப்பரிமாணத்தில் அடுக்கப்பட்டிருக்க வேண்டும். இந்த அடுக்குமுறைக்குத்தான் படிக அமைப்பு என்று பெயர். உயிரினங்களின் உடலில் உண்டாவதைப் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் சில வேடிக்கையான முடிவுகள் வரும். இமயத்தின் பனிக்கட்டி ஒரு கனிமம். அது உருகி ஓடும் கங்கை நீர் கனிமம் அல்ல. எரிமலைக் கண்ணாடியான ஆப்சிடியன் கல்லைப் போலவே கடினமானது. ஆனால் அணுக்கள் ஒழுங்கில் அமர்வதற்குள் குளிர்ந்து இறுகிவிட்டதால் கனிமம் ஆகாது. பல நிறம் காட்டும் ஓப்பலுக்கும் அந்தப் படிக ஒழுங்கு இல்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி தாவரத்திலிருந்து வந்தது, படிக ஒழுங்கும் அதற்கு இல்லை. இரண்டு வகையிலும் அது வெளியேதான். பாதரசம் ஒரு விதிவிலக்கு. துளித் துளியாகத் திரவமாகவே கிடைத்தாலும் பழைய பழக்கத்தை மதித்து அதைப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பேணுவது 1958-இல் தொடங்கிய பன்னாட்டுக் கனிமவியல் சங்கம். யாராவது புதிய கனிமம் கண்டதாகச் சொன்னால், அதன் வேதி அமைப்பையும் படிக அமைப்பையும் அளந்து காட்டி இந்தச் சங்கத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். இதுவரை ஒப்புக்கொள்ளப்பட்ட கனிமங்கள் 6,000-ஐத் தாண்டிவிட்டன.

இந்த ஆறாயிரமும் எவற்றால் ஆனவை? பூமியின் மேலோட்டை எடை போட்டால் ஆக்சிஜன் 46.6 சதவீதம், சிலிக்கான் 27.7, அலுமினியம் 8.1, இரும்பு 5, கால்சியம் 3.6, சோடியம் 2.8, பொட்டாசியம் 2.6, மக்னீசியம் 2.1. இந்த எட்டும் சேர்ந்தாலே 98.5 சதவீதம் ஆகிவிடுகிறது. தாமிரம், ஈயம், வெள்ளி, தங்கம், யுரேனியம் உள்ளிட்ட மற்ற எல்லாத் தனிமங்களுக்கும் மிச்சம் இருப்பது ஒன்றரை சதவீதம். இன்னொரு வியப்பும் உண்டு. மூச்சுக் காற்றோடு சேர்த்தே நினைத்துப் பழகிய ஆக்சிஜன்தான் கல்லின் முதன்மைச் சரக்கு. அதன் அயனி உருவத்தில் பெரியது. எடைக்குப் பதிலாக இடத்தைக் கணக்கிட்டால் மேலோட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆக்சிஜனே நிறைந்திருக்கிறது. மலை என்பது பெரும்பாலும் ஆக்சிஜன் அடுக்கு. சிலிக்கானும் மற்ற உலோகங்களும் அதன் இடுக்குகளில் செருகியவை.

தனித்து ஒரே தனிமமாகக் கிடைக்கும் கனிமங்கள் சிலவே. தங்கம், தாமிரம், கந்தகம், வைரம் போன்றவை அந்தக் கூட்டம். மற்றவை எல்லாம் சேர்மங்கள். அவற்றில் மிகப் பெரிய குடும்பம் சிலிக்கேட்டுகள்; மேலோட்டில் பத்தில் ஒன்பது பங்கு அவைதான்.

சிலிக்கேட்டுகளின் செங்கல் ஒன்றே ஒன்று. நடுவில் ஒரு சிலிக்கான் அணு, அதைச் சுற்றி நான்கு மூலைகளில் நான்கு ஆக்சிஜன் அணுக்கள். மூன்று பந்துகளைச் சேர்த்து வைத்து அவற்றின் மேல் நான்காவதை ஏற்றினால் வரும் உருவம் அது, நான்முகி என்பார்கள். இந்த நான்முகிகள் ஒன்றோடொன்று கைகோக்கும் விதத்தில்தான் சிலிக்கேட்டுக் கனிமங்களின் குணமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நின்று, இடையில் உள்ள உலோக அயனிகளால் கட்டுண்டு கிடந்தால் அது ஒலிவின், கார்னெட், ஜிர்கான் போன்ற கனிமம். இரண்டு மூலைகளை இருபுறத்து நான்முகிகளோடு பகிர்ந்துகொண்டு சங்கிலியாக நீண்டால் பைராக்சீன். பல்லாவரத்துக் கல்லின் ஹைப்பர்ஸ்தீன் இந்த வகை. இரண்டு சங்கிலிகள் பக்கவாட்டில் இணைந்தால் ஆம்பிபோல். சில ஆம்பிபோல்கள் நூல் நூலாகப் பிரிவதற்கும், ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயரில் நுரையீரலுக்குள் ஊசியாகப் பாய்வதற்கும் இந்தச் சங்கிலி வடிவமே காரணம்.

மூன்று மூலைகளைப் பகிர்ந்துகொண்டால் பாய் விரித்தது போல ஏடு உண்டாகிறது. காக்காப்பொன் என்று சிறுவர்கள் நகத்தால் உரித்து விளையாடும் மைகா இதுதான். ஏட்டுக்குள் பிணைப்பு வலியது. ஏடுகளுக்கு இடையே வலுவற்றது. அதனால்தான் அது தாள் தாளாக உரிகிறது. மாக்கல்லின் முதன்மைக் கனிமமான டால்க்கும் ஏட்டு அமைப்புதான். அதன் ஏடுகளுக்கு இடையே பிணைக்கும் அயனிகளே இல்லை. தொட்டால் வழுக்கும், நகம் பட்டால் கீறும். கல்சட்டி கடைபவர்கள் மாக்கல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த மென்மையும் சூடு தாங்கும் தன்மையும் காரணம். குயவர் மிதிக்கும் களிமண்ணும் ஏடுகளால் ஆனதே. ஏடுகளுக்கு நடுவே நீர் புகுந்து அவற்றைச் சறுக்க விடுவதால்தான் ஈரமண் கைக்கு வளைகிறது.

நான்கு மூலைகளையும் பகிர்ந்துவிட்டால் எந்தப் பக்கமும் தளர்வில்லாத முப்பரிமாணக் கட்டு உண்டாகிறது. குவார்ட்ஸ் அப்படிப்பட்டது, ஆற்றுமணலில் பெரும்பங்கும், வயல்வெளியில் வெள்ளை வெளேரென்று கிடக்கும் வெங்கச்சங்கல்லும் அதுவே. இதே கட்டில் சில சிலிக்கான்களுக்குப் பதில் அலுமினியம் உட்கார்ந்து, மின்சுமையை ஈடுகட்ட சோடியமோ பொட்டாசியமோ கால்சியமோ உள்ளே வந்தால் ஃபெல்ஸ்பார். பூமியின் மேலோட்டில் ஏறக்குறையப் பாதி ஃபெல்ஸ்பார்தான். ஆனாலும் அதற்கு ஊர்வழக்கில் ஒரு பெயர் இல்லை. எங்கும் இருப்பதை யார் கவனிக்கிறார்கள்!

வளையமாக இணையும் வகை ஒன்றும் உண்டு. ஆறு நான்முகிகள் வட்டமாகக் கைகோக்க, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கிய கனிமம் பெரில். அலுமினியத்தோடு பெரிலியம் என்ற அரிய தனிமமும் அதில் இருக்கிறது. கடல் நீரின் நிறத்தில் இருந்தால் அக்வாமரீன், பச்சையாக இருந்தால் மரகதம். காங்கேயத்தை அடுத்த படியூர் பழங்காலத்திலேயே பெரில் எடுத்த இடம். நொய்யல் கரையில் கொடுமணல் அகழாய்வில் பெரில் உள்ளிட்ட கற்களை அறுத்து மணி செய்த பட்டறைகளின் தடயங்கள் கிடைத்தன. பெரில் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே வருகிறது என்று ரோமானிய அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதினார். கிரேக்கர்கள் அதை ‘பெரில்லோஸ்’ என்றார்கள். பிராகிருதத்தின் ‘வேளுரிய’, வடமொழியின் ‘வைடூரியம்’ ஆகியவற்றோடு உறவுடைய சொல் அது. ஜெர்மன் மொழியில் மூக்குக் கண்ணாடிக்கு வழங்கும் ‘ப்ரில்லே’ என்ற பெயரும், 1798-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் கண்டறிந்த பெரிலியத்தின் பெயரும் அதன் வழி வந்தவை. இன்று நகைக்கடையில் வைடூரியம் என்று விற்பது பூனைக்கண் கல். அது கிரைசோபெரில் என்ற வேறொரு கனிமம். இடம் மாறிய பெயரிலும் பெரிலியம் விட்டுப் போகவில்லை என்பது தற்செயலான பொருத்தம்.

நான்முகி விதிக்கு மேலோட்டில் விலக்கு மிகமிக அரிது. கீழே 660 கிலோமீட்டர் ஆழத்துக்கு அப்பால் நிலைமை மாறுகிறது. அங்குள்ள அழுத்தத்தில் சிலிக்கானைச் சுற்றி நான்குக்குப் பதில் ஆறு ஆக்சிஜன்கள் நெருக்கி அமர்கின்றன. அப்படி உண்டாகும் மக்னீசியச் சிலிக்கேட்தான் பூமி முழுவதையும் கணக்கில் கொண்டால் மிக அதிகமாக உள்ள கனிமம். ஆனால் அதன் இயற்கைத் துண்டு யார் கையிலும் சிக்கவில்லை. பெயரில்லாமலே நெடுங்காலம் இருந்தது. 1879-இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த டென்ஹம் விண்கல்லில், மோதலின் அழுத்தத்தால் உண்டான அதன் துணுக்குகள் அகப்பட்ட பிறகே, 2014-இல் பிரிட்ஜ்மனைட் என்று பெயரிட்டார்கள்.

சிலிக்கான் இல்லாத கனிமங்களும் பலவகை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் கால்சியம் கார்பனேட்டான கால்சைட்டால் ஆனது. ஜிப்சம் கால்சியம் சல்பேட். கட்டமைப்புக்குள்ளேயே நீர் மூலக்கூறுகளை வைத்திருப்பது. ஈயத்தின் தாதுவான கலினா, ஏமாளிகளைத் தங்கம் என்று நம்பவைக்கும் பைரைட் ஆகியவை கந்தகச் சேர்மங்கள். சேலத்தை ஒட்டி வெள்ளை நரம்புகள் ஓடும் மேடுகளைப் பார்த்த ஆங்கிலேயர்கள் சாக் ஹில்ஸ், அதாவது சுண்ணக்கட்டிக் குன்றுகள், என்று பெயர் வைத்தார்கள். அங்கே சுண்ணக்கட்டி கிடையாது. அந்த நரம்புகள் மக்னீசியம் கார்பனேட்டான மேக்னசைட். ஒலிவின் நிறைந்த பாறையின் பிளவுகளில் கரியமில வாயு கலந்த நீர் இறங்கி, ஒலிவினின் மக்னீசியத்தைக் கார்பனேட்டாக மாற்றியதால் அது விளைந்தது. மேக்னசைட்டைச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடு 2,800 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. எஃகு உலைகளின் உட்சுவருக்கு அந்தக் குன்றுகளின் கல் தேவைப்படுவது அதனால்தான்.

சரக்கு ஒன்றாக இருந்து அடுக்கு மட்டும் மாறினால் என்ன ஆகும் என்பதற்குக் கார்பனை விட நல்ல சான்று இல்லை. இலங்கையின் போகல சுரங்கத்தில் பாறைப் பிளவுகளில் நரம்பு நரம்பாகக் கிடைக்கும் காரீயம், அதாவது கிராஃபைட், கார்பன் மட்டுமே. வைரமும் கார்பன் மட்டுமே. கிராஃபைட்டில் ஒவ்வோர் அணுவும் மூன்று அணுக்களோடு பிணைந்து அறுகோண வலையாக விரிகிறது. வலைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. பென்சில் தாளில் எழுதுவது அந்த வழுக்கலால்தான். வைரத்தில் ஒவ்வோர் அணுவும் நான்கு திசைகளில் நான்கு அணுக்களோடு பூட்டிக் கிடக்கிறது. ஒன்று கரியது, மின்சாரத்தைக் கடத்துவது, நகத்துக்கே விட்டுக்கொடுப்பது. மற்றது ஒளி ஊடுருவுவது, மின்சாரத்தைக் கடத்தாதது, இயற்கையில் மிகக் கடினமானது. வேதிப்பொருள் அளவில் இரண்டுக்கும் வேறுபாடே இல்லை.

இதற்கு நேர்மாறான கதை குருந்தம். அடுக்கு மாறாமல், உள்ளே நூற்றில் ஒரு பங்குச் சரக்கு மாறினாலே ஆளே அடையாளம் தெரியாமல் போகும் கனிமம் அது. உலகக் கனிமவியல் முழுவதும் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் தமிழின் குருந்தத்திலிருந்து போனது. இதன் பொடியை அரக்கில் குழைத்துச் சாணைச் சக்கரம் செய்து, கல் அறுப்பவர்கள் மணிகளைத் தீட்டினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போன மாதிரிகளை வைத்துச் சார்லஸ் கிரெவில் 1798-இல் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதினார். அந்தச் சேகரிப்பை ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் போர்னோன், மாணிக்கமும் நீலமும் சாணைக்கல்லும் ஒரே இனம் என்பதை 1802-இல் விரித்துக் காட்டினார்.

இரண்டு அலுமினியம் அணுவுக்கு மூன்று ஆக்சிஜன் என்ற எளிய சேர்க்கை அது. தூய குருந்தத்துக்கு நிறமே கிடையாது. அலுமினியம் உட்கார வேண்டிய இடங்களில் நூற்றில் ஒன்றைக் குரோமியம் பிடித்துக்கொண்டால் கல் சிவந்து மாணிக்கம் ஆகிறது. இரும்பும் டைட்டானியமும் அடுத்தடுத்த இடங்களில் அமர்ந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு எலக்ட்ரான் தாவும்போது ஒளியின் சிவப்புப் பக்கம் உறிஞ்சப்பட்டு நீலக்கல் உண்டாகிறது. இரும்பு மட்டும் இருந்தால் மஞ்சள்; புஷ்பராகம் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இந்த மஞ்சள் குருந்தமே. நகைக்கடையில் விலை வேறு, ராசி வேறு, கிழமை வேறு. கனிமவியலாளருக்கு மூன்றும் ஒன்றுதான். சிலப்பதிகாரத்தின் மதுரை இரத்தினக் கடைவீதி, மாணிக்கத்தை ஒரே இனத்தின் நான்கு வகைகளாகப் பிரித்துச் சொல்கிறது. அதில் வரும் ‘விந்தம்’ என்பதற்கு உரையாசிரியர் தரும் பொருள் குருவிந்தம். நிறத்தை வைத்து வகை பிரித்தாலும் இனம் ஒன்று என்ற தெளிவு அக்காலத்து வணிகர்களுக்கு இருந்திருக்கிறது.

மாணிக்கத்தைச் சிவப்பாக்கும் அதே குரோமியம் பெரிலுக்குள் போனால் பச்சை மரகதத்தைத் தருகிறது. காரணம் அக்கம்பக்கம். குருந்தத்தில் குரோமியத்தைச் சுற்றியுள்ள ஆக்சிஜன்கள் சற்று நெருக்கமாக அழுத்துகின்றன. பெரிலில் அந்தப் பிடி தளர்வு. பிடி மாறும்போது அது உறிஞ்சும் ஒளியின் நிறமும் மாறிவிடுகிறது. நவரத்தினம் முழுவதையும் இந்தக் கண்ணோடு பார்த்தால் கணக்கு சுருங்கும். மாணிக்கம், நீலம், புஷ்பராகம் மூன்றும் குருந்தம். முத்தும் பவளமும் உயிரினங்கள் கட்டிய கால்சியம் கார்பனேட். மரகதம் பெரில், வைடூரியம் கிரைசோபெரில், கோமேதகம் ஒருவகைக் கார்னெட், வைரம் கார்பன். ஒன்பது கற்கள், வேதிப்பொருள்கள் ஆறு.

ஒரு தனிமத்தின் இடத்தில் இன்னொன்று அமர்வதற்கு அளவு பொருந்த வேண்டும். இரும்பின் அயனியும் மக்னீசியத்தின் அயனியும் உருவத்தில் ஏறக்குறையச் சமம். அதனால் ஒலிவினில் எந்த விகிதத்திலும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிக்கொள்கின்றன. முழு மக்னீசியம் ஒரு முனை, முழு இரும்பு மறுமுனை, இடையில் எல்லாக் கலவையும் உண்டு. கனிமத்தின் வேதி அமைப்பு வரையறுக்கப்பட்டது என்றால் மாறாதது என்று பொருள் இல்லை. பேருந்தில் இருக்கைகளின் எண்ணிக்கையும் வரிசையும் முடிவானவை. யார் உட்காருவது என்பதில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பு உண்டு.

குருந்தம் எங்கே விளையும் என்பதையும் வேதியியலே முடிவு செய்கிறது. பாறையில் சிலிக்கா என்ற சிலிக்கான்-ஆக்சிஜன் சேர்மம் உபரியாக இருந்தால் அலுமினியம் முழுவதும் ஃபெல்ஸ்பாரிலோ வேறு சிலிக்கேட்டிலோ போய்ச் சேர்ந்துவிடும். சிலிக்கா போதாமல் போனால்தான் மிஞ்சிய அலுமினியம் ஆக்சிஜனோடு மட்டும் சேர்ந்து குருந்தம் ஆகும். ஆகவே குவார்ட்ஸ் நிறைந்த கல்லில் குருந்தம் தேடுவது வீண். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அதற்கு ஏற்ற பாறை இருக்கிறது. கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் மட்டுமே பெரும்பாலும் நிறைந்த அனார்த்தசைட் என்ற வெளிறிய கல் அது; அதனிடையே இளஞ்சிவப்புக் குருந்தம் பதிந்து கிடக்கிறது.

இந்த அனார்த்தசைட்டுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நிலவில் வெண்மையாகத் தெரியும் மேட்டு நிலங்கள் இதே வகைக் கல்லால் ஆனவை. தொடக்கத்தில் நிலவு உருகிய குழம்பாக இருந்தபோது, எடை குறைந்த ஃபெல்ஸ்பார் பாலில் ஆடை போல மேலே மிதந்து உறைந்தது என்பது புவியியலாளர் தரும் விளக்கம். சந்திரயான்-2 திட்டத்தின் தரையிறங்கு கலனையும் உலாவியையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டியிருந்தது. சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிக் கற்களை அரைத்தே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அந்த மண்ணைத் தயாரித்தது.

செயற்கைக் குருந்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அலுமினா என்ற அலுமினியம் ஆக்சைடுப் பொடியை ஆக்சிஜன், ஹைட்ரஜன் சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாகப் படிகமாக வளர்க்கும் முறையை ஆகஸ்ட் வெர்னுய் 1902-இல் வெளியிட்டார். கைக்கடிகாரத்தில் ‘17 ஜூவல்ஸ்’ என்று அச்சடித்திருப்பது அப்படி வளர்த்த மாணிக்கத் தாங்கிகளையே. 1960-இல் தியோடர் மைமன் ஒளிரவைத்த முதல் லேசரின் உள்ளும் செயற்கை மாணிக்கத் தண்டுதான் இருந்தது. அணுவும் அடுக்கும் இயற்கைக் கல்லைப் போலவே இருந்தாலும் இவை கனிமம் அல்ல, ஆலையில் பிறந்தவை.

கண்ணுக்குத் தெரியாத அடுக்கைப் பற்றி எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்பது தனி வரலாறு. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்டெனோ 1669-இல் ஒரு விதியைச் சொன்னார்: குவார்ட்ஸ் படிகம் குட்டையோ நெட்டையோ, அதன் முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் மாறுவதில்லை. ஒரு நூற்றாண்டு கழித்துப் பிரெஞ்சுப் பாதிரியார் ஹவுயி, கால்சைட்டை எத்தனை முறை உடைத்தாலும் சாய்சதுரத் துண்டுகளே வருவதைக் கண்டு, கண்ணுக்குப் புலப்படாத ஒரே வடிவக் கட்டிகள் அடுக்கித்தான் படிகம் ஆகிறது என்று வாதிட்டார். அவர் கையிலிருந்து தவறி விழுந்த படிகம் ஒன்றே அந்த எண்ணத்தைத் தந்தது என்று சொல்வார்கள். மெய்ப்பிக்க 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மாக்ஸ் ஃபான் லவேயின் யோசனைப்படி படிகத்தின் ஊடே எக்ஸ் கதிரைச் செலுத்தியபோது, பின்னால் வைத்த படத்தகட்டில் புள்ளிக்கோலம் விழுந்தது. மறு ஆண்டே பிராக் தந்தையும் மகனும் அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் வழியைக் கண்டார்கள். முதலில் தெளிந்த அமைப்புகளில் ஒன்று சமையல் உப்பு. சோடியம் குளோரைடு மூலக்கூறு என்று தனியாக ஒன்று அதில் இல்லை. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரின், ஒவ்வொரு குளோரினைச் சுற்றியும் ஆறு சோடியம் என்று சதுரங்கப் பலகை போல முடிவில்லாமல் போகும் அடுக்கே உண்டு. மகன் லாரன்ஸ் பிராக் 1915-இல் நோபல் பரிசு பெற்றபோது வயது 25.

களத்தில் நிற்பவருக்கு எக்ஸ் கதிர் கிடைக்காது. அங்கே கை, கண், ஒரு பேனாக்கத்தி போதும். பிரீட்ரிஷ் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை வரிசையில் டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3. நகம் இரண்டரை, கத்தி முனை ஏறக்குறைய ஐந்தரை. கத்தியைக் கீறும் வெள்ளைக் கல் என்றால் பெரும்பாலும் குவார்ட்ஸ், அதன் எண் 7. கத்திக்குக் கீறு விழுந்து, ஓரிரு துளி நீர்த்த அமிலத்துக்கு நுரைத்தால் கால்சைட். குருந்தம் 9, வைரம் 10. இந்த எண்கள் வரிசையை மட்டுமே சொல்பவை. ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள தொலைவு, ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் உள்ளதை விடப் பெரியது. நிறத்தை நம்புவது மட்டும் ஆபத்து என்பதை மாணிக்கமும் நீலமும் காட்டிவிட்டன. பீங்கான் ஓட்டில் தேய்த்தால் விழும் பொடிக்கோட்டின் நிறம் அதைவிட நம்பகமானது. கருத்துத் தெரியும் ஹேமடைட் இரும்புத்தாது அந்த ஓட்டில் செம்மண் கோடு இழுக்கும்.

கண்ணுக்கு எட்டாத தொலைவில் உள்ள கல்லை அறிய இன்னொரு வழி, ஒரு தமிழர் திறந்தது. ஒரே நிற ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது, மிகச் சிறு பங்கு நிறம் மாறி வெளிவருகிறது என்று சி.வி. ராமன் 1928-இல் கண்டார். எவ்வளவு மாறுகிறது என்பது அணுப் பிணைப்புகளின் அதிர்வைப் பொறுத்தது. ஆகவே ஒவ்வொரு கனிமத்துக்கும் கைரேகை போலத் தனி நிறமாலை உண்டு. ராமன் பிற்காலத்தில் வைரங்களிலும் படிகங்களிலும் தீராத ஆசையோடு ஆய்வு செய்தவர். 2021 பிப்ரவரியில் செவ்வாயில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தி, அங்குள்ள கற்களின் கனிமங்களைக் கண்டுகொள்ள அவர் பெயரிலான அந்த முறையையும் பயன்படுத்துகிறது.

கனிமங்கள் பிறக்கும் வழிகளும் சில. உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது, அதிக வெப்பத்திலேயே திடமாகும் ஒலிவின் முதலில் பிரியும். குவார்ட்ஸ் கடைசியில் மிச்சத்திலிருந்து வரும். மெதுவாக ஆறினால் மணி பெரிது, விரைந்து ஆறினால் சிறிது. உப்பு நீர் வற்றும்போதும் இப்படி ஒரு வரிசை உண்டு. தூத்துக்குடி உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாகச் சுண்டி வருகையில் முதலில் கார்பனேட்டும், பிறகு ஜிப்சமும் படிந்து, அதன் பின்பே உப்பு பூக்கிறது. மக்னீசிய உப்புகள் கடைசி வரை கரைந்தே இருந்து, மிஞ்சும் நீரைக் கசப்பாக்குகின்றன. மண்ணுக்குள் ஆழப் புதைந்த பாறையில் வெப்பமும் அழுத்தமும் ஏறும்போது, எதுவும் உருகாமலே அணுக்கள் இடம் மாறிக் களிமண் கனிமங்கள் மைகாவாகவும் கார்னெட்டாகவும் உருவெடுக்கின்றன. வெளியே வந்த பாறையை மழைநீர் அரிக்கும்போது எதிர்த்திசையில் வேலை நடக்கிறது; ஃபெல்ஸ்பார் நீரோடு சேர்ந்து மெல்ல மெல்லக் களிமண் ஆகிறது.

அரிப்புக்கு அசையாத கனிமங்கள் மட்டும் ஆற்றோடு கடலுக்குப் போய்ச் சேர்கின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் ஆங்காங்கே கறுத்தும் சிவந்தும் கிடப்பதற்கு அதுவே காரணம். குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு எடை. இல்மனைட், ஜிர்கான், மோனசைட் ஆகியவை நாலரை மடங்குக்கு மேல். அலை ஏறி இறங்கும்போது லேசான குவார்ட்ஸை இழுத்துப் போய்விட, கனமானவை கரையிலேயே தங்குகின்றன. முறத்தில் புடைத்தது போலத்தான். கறுப்பு இல்மனைட், அதன் டைட்டானியம் வெள்ளைப் பெயிண்ட் ஆகிறது. சிவப்பு கார்னெட். தேன்நிற மோனசைட் அருமண் தனிமங்களோடு தோரியமும் கொண்ட பாஸ்பேட். திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன தென்னங்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909-இல் அதைக் கண்டார். எரிவாயு விளக்கின் வலைக்குத் தோரியம் தேவைப்பட்ட காலம் அது.

அதே மணலில் நிறமற்ற சிறு மணிகளாகக் கிடக்கும் ஜிர்கான் கனிமங்களிலேயே பிடிவாதமானது. ஜிர்கோனியம் அமர வேண்டிய இடத்தில் யுரேனியத்துக்குச் சிறிது இடம் கொடுக்கும். ஈயத்தை உள்ளே விடாது. ஆகவே பிற்காலத்தில் அதற்குள் காணும் ஈயம் அனைத்தும் யுரேனியம் சிதைந்து உண்டானதே. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும் என்பதால், இரண்டின் விகிதத்தை அளந்தால் மணி பிறந்த காலம் வந்துவிடும். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் ஏறக்குறைய 300 கோடி ஆண்டு வயதுள்ள கூழாங்கல் பாறைக்குள் இருந்த ஒரு ஜிர்கான் மணியை இப்படி அளந்தபோது, வயது 440 கோடி ஆண்டுகள் என்று வந்தது. அது முதலில் பிறந்த பாறை எப்போதோ கரைந்து மறைந்துவிட்டது. பூமியில் பிறந்தவற்றில் இதுவரை கிடைத்துள்ள மிகப் பழைய துண்டு, தலைமுடியின் பருமனைப் போலச் சில மடங்கே அகலமான அந்த மணி.